சமாரியா: இரவு தங்க அனுமதி இல்லாத ஊர்



ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்குக் கிரீட் தீவுக்குப் போயிருக்கிறார். அங்கே சமாரியா மலையிடுக்கில் ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டு வந்து, நம் வாட்ஸாப் குழுவில் நாற்பது படம் போட்டார். எல்லாரும் கைதட்டும் பொம்மை போட்டீர்கள். சந்தோஷம். ஆனால் படங்களுக்கு நடுவில் அவர் கேட்டிருந்த கேள்வியை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. "பாதி வழியில் ஆளில்லாத ஒரு ஊர் இருக்கு சார். அது யாரோட ஊர்?"

பதில் கொஞ்சம் நீளமானது, அதனால்தான் குழுவில் எழுதாமல் இங்கே எழுதுகிறேன். அவசரமாக இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். சமாரியா என்றதும் நம்மில் பலருக்கு பைபிளில் வரும் நல்ல சமாரியன் நினைவுக்கு வருவான். அந்தச் சமாரியா பாலஸ்தீனத்தில் இருப்பது. இது வேறு. கிரீட் தீவுச் சமாரியாவின் பெயர் ஒரு சின்னக் கோயிலிலிருந்து வந்தது. 'ஓசியா மரியா', அதாவது புனித மரியாள் என்ற பெயர் மக்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து 'சமாரியா' ஆகிவிட்டது. இந்த மரியாள் இயேசுவின் தாய் அல்ல, எகிப்து மரியாள். அலெக்சாந்திரியா நகர வாழ்க்கையை விட்டுவிட்டு, யோர்தான் ஆற்றுக்கு அப்பால் பாலைவனத்தில் தனியாக வாழ்ந்த துறவி என்று கிழக்குத் திருச்சபை கொண்டாடும் பெண். ஊரை விட்டு ஓடி ஒளிந்த ஒருத்தியின் பெயரை இந்த இடத்துக்கு வைத்தவர்கள் தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, பொருத்தம் அபாரம். கோயில் 1379-ஐச் சேர்ந்தது. அப்போது தீவு வெனிஸ்காரர்கள் கையில் இருந்தது. சுவர் ஓவியங்களின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம்.

இனி இடத்தைச் சொல்கிறேன்; வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிரீட்டின் மேற்குப் பகுதியில் 'லெஃப்கா ஓரி' என்ற மலைத்தொடர் இருக்கிறது. வெள்ளை மலைகள் என்று பொருள். குளிர்காலத்தில் பனியால் வெள்ளை, கோடையில் சுண்ணாம்புப் பாறையால் வெள்ளை. உச்சி பாக்னெஸ், 2,453 மீட்டர். இந்த மலைகளை வடக்கிலிருந்து தெற்காகக் கத்தியால் கீறியது போல ஓடைநீர் அறுத்துக்கொண்டு போன வழிதான் சமாரியா மலையிடுக்கு. மேலே ஓமலோஸ் சமவெளியின் விளிம்பில், 1,230 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. கீழே லிபியக் கடலோரம் அயியா ரூமெலி என்ற ஊரில் முடிகிறது. மொத்தம் 16 கிலோமீட்டர். அதில் 13 தேசியப் பூங்காவுக்குள்.

தொடங்கும் இடத்தின் பெயர் க்ஸிலோஸ்கலோ, 'மர ஏணி'. அந்தக் காலத்தில் மரக்கட்டைகளை அடுக்கிப் படி செய்து இறங்கியிருக்கிறார்கள். இப்போது கல் பாவிய வளைவுப் பாதை. முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் செங்குத்தாக இறங்க வேண்டியிருக்கும். மலையேற்றம் என்றால் மூச்சு வாங்கும் என்று நினைப்பவர்களே, இங்கே வாங்குவது முழங்கால். சைப்ரஸ், பைன் மரங்களுக்கு இடையே இறங்கினால் ஓடை வருகிறது. ஏழாவது கிலோமீட்டர் வாக்கில் நம் மாணவர் பார்த்த ஊர். அதற்குப் பிறகு சுவர்கள் இரு பக்கமும் நெருங்கத் தொடங்கும். பதினொரு கிலோமீட்டர் தாண்டி 'இரும்புக் கதவுகள்'. கதவு ஒன்றும் கிடையாது. இரண்டு பாறைச் சுவர்களும் நான்கு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன, சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு. அவ்வளவு பெரிய மலைத்தொடருக்கு அங்கே ஒரு சந்து அளவு வாசல்தான்.

அந்தச் சந்தை நினைவில் வையுங்கள். வரலாறு முழுக்க அதில்தான் இருக்கிறது.

கீழ் முனையில் பழங்காலத்தில் தார்ரா என்ற நகரம் இருந்தது. சின்ன நகரம்தான், ஆனால் புராணத்தில் பெரிய இடம். பைத்தான் என்ற நாகத்தைக் கொன்ற தோஷம் நீங்க அப்போலோ தேவன் வந்து சுத்திகரிப்புப் பெற்றது இங்கே கார்மனோர் என்பவனிடம்தான் என்கிறார் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுதும் சுற்றி எழுதிய பௌசானியஸ். அப்போலோவுக்கும் அக்ககல்லிஸ் என்ற பெண்ணுக்கும் பிறந்த இரட்டைக் குழந்தைகளுக்கு ஒரு வெள்ளாடு பால் கொடுத்ததாகவும், அந்தக் காட்சியை வெண்கலத்தில் வார்த்துப் பக்கத்து மலையூரான எலிரோஸ் மக்கள் டெல்ஃபி கோயிலுக்கு அனுப்பியதாகவும் அவரே எழுதுகிறார். தார்ராவும் சுற்றியிருந்த ஊர்களும் வெளியிட்ட நாணயங்களில் ஒரு பக்கம் காட்டாட்டின் தலை, மறு பக்கம் தேனீ. மன்னர் முகம் இல்லை. ஆடும் தேனுமே அவர்களுக்கு அடையாளம்.

ஓர் இடைச்செருகல். பைபிள் படிப்பவர்களுக்கு இது பிடிக்கும். அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில் பவுலை ரோமுக்குக் கொண்டுபோகும் கப்பல், மழைகாலத்தைக் கழிக்கப் போய்ச் சேர நினைத்துச் சேர முடியாமல் போன துறைமுகம் பேனிக்ஸ். கிரேத்தா என்று நம் பைபிளில் வருவது இதே கிரீட்தான். அந்தப் பேனிக்ஸ், அயியா ரூமெலிக்குக் கொஞ்சம் கிழக்கே லூத்ரோ பக்கம் இருந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. இன்றும் லூத்ரோவுக்குப் படகில் போகலாம், அல்லது நடக்கலாம். கார் போகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1669-இல் வெனிஸ்காரர்களின் கடைசிப் பெருநகரமும் விழுந்து தீவு உதுமானியத் துருக்கியர் வசமானது. ஆனால் வெள்ளை மலைகளின் தென்சரிவில் உள்ள ஸ்ஃபாக்கியா பகுதி, பெயருக்குத்தான் அவர்களிடம் இருந்தது. விளைநிலம் இல்லை, சாலை இல்லை. வரி வாங்கப் போகிறவர் திரும்பி வர வேண்டுமே! அந்த மக்கள் ஆடு மேய்த்தார்கள், கடலில் சரக்குக் கப்பல் ஓட்டினார்கள். அப்படிக் கப்பல் வைத்திருந்த செல்வந்தர் அனோபோலி ஊரைச் சேர்ந்த இயோவான்னிஸ் விலாகோஸ். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் ஊரார் அவரை 'தாஸ்கலோயானிஸ்' என்று அழைத்தார்கள். தாஸ்கலோஸ் என்றால் ஆசிரியர். 'வாத்தியார் யானிஸ்' என்று நாம் சொல்லலாம். எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பிரியம் இருப்பதன் காரணம் உங்களுக்குப் புரியும்.

1770-இல் ரஷ்யப் பேரரசி கேத்தரினின் ஆட்கள் கிரேக்கர்களைத் துருக்கியருக்கு எதிராகக் கிளப்பிவிட்டார்கள். கப்பல் வரும், படை வரும் என்றார்கள். வாத்தியார் யானிஸ் நம்பினார். ஸ்ஃபாக்கியா எழுந்தது. ரஷ்யக் கப்பல் கிரீட்டுக்கு வரவே இல்லை. வந்தது துருக்கியப் பெரும்படை. ஊர்கள் எரிந்தன. அப்போது பெண்களையும் குழந்தைகளையும் எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? சிலரைக் கடல் வழியாக வெளியே. மற்றவர்களைச் சமாரியா மலையிடுக்குக்குள். துரத்தி வந்த படையை, அந்த நான்கு மீட்டர் சந்தில் ஒரு சிறு கூட்டம் நின்று தடுத்தது என்பது அந்த மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ராணுவக் கணக்கு தெரியாதவர்களுக்கும் இது விளங்கும். ஆயிரம் பேர் வந்தாலும் அந்த வாசலில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர்தான் நுழைய முடியும்.

மலையிடுக்கு காப்பாற்றியது. வாத்தியார் தப்பவில்லை. மிச்சமிருக்கும் மக்களை விட்டுவிடுவார்கள் என்று சரணடைந்தார். 1771 ஜூனில் இராக்லியோன் நகரச் சதுக்கத்தில் உயிரோடு தோலை உரித்துக் கொன்றார்கள். பதினைந்து வருடம் கழித்து, 1786-இல், பர்பா பான்சேலியோஸ் என்ற பாலாடைக்கட்டி செய்பவர் இந்தக் கதையை ஆயிரம் அடிக்கு மேல் நீளும் பாட்டாகச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். பாடியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்று சமாரியாவுக்கு நடக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வந்திறங்கும் சானியா விமான நிலையத்தின் பெயர் 'இயோவான்னிஸ் தாஸ்கலோயானிஸ்'. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும் அவசரத்தில் அந்தப் பெயர்ப் பலகையை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. இனி நீங்கள் படிப்பீர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இதே கதைதான், திரும்பத் திரும்ப. குறிப்பாக 1866 முதல் 1869 வரை நடந்த பெருங்கிளர்ச்சியில். அயியா ரூமெலிக்கு மேலே குன்றில் இடிந்து நிற்கும் துருக்கியக் கோட்டை அந்தக் கால நினைவு. மலையிடுக்குக்குள் நுழைய முடியாதவர்கள் வாசலுக்கு வெளியே கட்டி வைத்த காவல்கூண்டு என்றுதான் அதைப் பார்க்கத் தோன்றுகிறது. 1898-இல் தீவுக்குத் தன்னாட்சி வந்தது; 1913-இல் கிரேக்கத்தோடு சேர்ந்தது.

அடுத்து 1941. ஏப்ரலில் ஜெர்மன் படை கிரேக்க நிலப்பகுதியைப் பிடித்ததும் மன்னர் இரண்டாம் ஜார்ஜ் கிரீட்டுக்கு வந்து சேர்ந்தார். மே 20 காலை, வானத்திலிருந்து ஆயிரக்கணக்கான பாராசூட் வீரர்கள் இறங்கினார்கள். மன்னர் தங்கியிருந்த வீடு சானியாவுக்குப் பக்கத்தில். உடனே கிளம்ப வேண்டியதாயிற்று. பிரதமர் சூதெரோசும், காவலுக்கு நியூசிலாந்து வீரர்களும் உடன்வர, கால்நடையாகவும் கோவேறு கழுதையிலும் வெள்ளை மலைகளைத் தாண்டினார்கள். மூன்றாம் நாள் இரவு அயியா ரூமெலி கடற்கரையில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் டிகாய் அவர்களை ஏற்றிக்கொண்டு அலெக்சாந்திரியா நோக்கிப் போனது. 170 வருடத்துக்கு முன் ஆட்டுக்காரர்களின் பிள்ளைகள் ஒளிந்த மலை, இப்போது அரசனையும் தப்பவிட்டது. மலைக்கு இருவரும் ஒன்றுதான்.

அரசன் போய்விட்டார். மக்கள் இருந்தார்கள். ஆக்கிரமிப்பு நடந்த ஆண்டுகளில் எதிர்ப்புப் படையினர் இந்த மலைகளில்தான் பதுங்கினார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த இறைச்சி ஒன்றே ஒன்று, க்ரி-க்ரி.

க்ரி-க்ரி என்பது கிரீட்டின் காட்டாடு. பழுப்பு நிறம், கழுத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, பின்னோக்கி வளைந்த பெரிய கொம்பு. செங்குத்துப் பாறையில் நம்மால் விரல் வைக்க முடியாத இடத்தில் நாலு காலையும் வைத்து நிற்கும். அம்பு பட்ட கிரீட் ஆடுகள் டிக்டமோ என்ற மூலிகையைத் தேடிப் போய்த் தின்னும், அம்பு தானாக விழுந்துவிடும் என்று சொல்வதுண்டு என அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார். மூலிகை உண்மை, இன்றும் அந்தப் பாறைகளில் முளைக்கிறது, கிரீட்டில் டீ போட்டுக் குடிக்கிறார்கள். அம்பு சமாச்சாரத்தை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்த ஆட்டைப் பற்றி என்னை அசரவைத்த சங்கதி வேறு. நெடுங்காலம் எல்லாரும் இதை ஆதியிலிருந்தே காட்டில் இருந்த விலங்கு என்றுதான் நினைத்தார்கள். மனிதன் வருவதற்கு முன் கிரீட்டில் குள்ள யானை இருந்தது, குள்ள நீர்யானை இருந்தது, மான் இருந்தது, ஆடு இல்லை. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் முதல் விவசாயிகள் படகில் வந்து இறங்கியபோது கொண்டுவந்த ஆடுகளில் சில கட்டவிழ்த்துக்கொண்டு மலையேறிவிட்டன. அவற்றின் வழித்தோன்றல்களே க்ரி-க்ரி என்பதை எலும்புகளும் மரபணு ஆய்வுகளும் காட்டுகின்றன. அந்தத் தீவின் 'காட்டு' விலங்கு, எப்போதோ யாரோ ஒருவர் வீட்டுத் தொழுவத்திலிருந்து தப்பியது! சமாரியாவுக்குத் தப்பி வந்தவர்களில் முதல் ஆள் அதுதான்.

போர் முடிந்தபோது எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. 1960 வாக்கில் 200-க்கும் குறைவு. ஏதாவது செய்தாக வேண்டும் என்று கிரேக்க அரசு 1962-இல் சமாரியாவைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. வேட்டை, மேய்ச்சல், மரவெட்டு எல்லாம் நின்றது. கூடவே இன்னொன்றும். ஊர் காலி செய்யப்பட்டது. பாதிரியார் இல்லாத நாளிலும் ஓசியா மரியாவுக்கு விளக்கேற்றியவர்கள், ஓடைக்கரையில் படிப்படியாக நிலம் கட்டிப் பயிர் செய்தவர்கள், தேன் எடுத்தவர்கள், எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊர்களுக்குப் போனார்கள். தம்பி, நீ பார்த்த கல்வீடுகள் அவர்களுடையவை. ஒன்றிரண்டைச் சீர்செய்து பூங்காக் காவலர்கள் பயன்படுத்துகிறார்கள். மற்றவை நிற்கிற வரை நிற்கும்.

அரசு செய்தது சரியா? இதைப் பற்றி நிறைய யோசித்தேன். ஆட்டைச் சுட்டவர்களில் அந்த ஊர்க்காரர்களும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. பூங்கா வராமல் இருந்திருந்தால் இரும்புக் கதவுகள் வரை ஜீப் பாதை போட்டு, ஊருக்குள் ஓட்டல் கட்டியிருப்பார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. க்ரி-க்ரி இன்று இருக்கிறது என்றால் 1962 முக்கியக் காரணம். வீட்டு ஆடுகளோடு கலந்து இனம் கெட்டுவிடக் கூடாது என்ற கவலையும் நியாயமானது. வெள்ளாட்டு மந்தை வைத்திருக்கும் ஊர் உள்ளே இருந்தால் அது நடக்கும். அதற்காகவே சானியாவுக்கு எதிரே தொதொரு என்ற ஆளில்லாத் தீவிலும் கொஞ்சம் க்ரி-க்ரிகளை விட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு கணக்கு எனக்கு உதைக்கிறது. சில குடும்பங்கள் இருந்தால் காட்டுக்குக் கெடுதல் என்று வெளியே அனுப்பினார்கள். இன்று வழக்கமான ஆண்டுகளில் மே முதல் அக்டோபர் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதே பாதையில் நடக்கிறார்கள். நடப்பவர் கையில் துப்பாக்கி இல்லை, கோடாலி இல்லை என்பீர்கள். உண்மை. துப்பாக்கியையும் கோடாலியையும் மந்தையையும் தடுத்துவிட்டு, பாதையும் நீரூற்றும் பாறை விழும் இடமும் தெரிந்த அந்த மக்களையே காவலர்களாக அங்கே குடியிருக்க விட்டிருக்கலாம் என்பது என் கட்சி. யுனெஸ்கோ 1971-இல் 'மனிதனும் உயிர்க்கோளமும்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இயற்கையைக் காக்க வேண்டும், அதோடு வாழும் மனிதரையும் சேர்த்துக்கொண்டே காக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் திட்டத்தில் சமாரியாவும் சேர்க்கப்பட்டது, 1981-இல். ஊர் காலியாகி 19 ஆண்டு ஆகியிருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சானியாவிலிருந்து அதிகாலைப் பேருந்து ஓமலோசுக்குப் போகும். வெயிலுக்கு முன் இறங்கத் தொடங்கிவிடுங்கள். ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும், ரப்பர் செருப்பு வேண்டாம். வழியில் ஊற்றுநீர் கிடைக்கும், அதனால் பெரிய பாட்டில் சுமக்க வேண்டியதில்லை. மழை அறிவிப்பு இருந்தால் பூங்காவை மூடிவிடுவார்கள். குறுகிய இடுக்கில் வெள்ளம் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது, அதனால் காவலரோடு வாதாடாதீர்கள். கால் பிசகினால் கோவேறு கழுதை வரும். வாகனம் வராது. அயியா ரூமெலியிலிருந்து வெளியேறவும் சாலை இல்லை. மாலைப் படகில் சூயாவுக்கோ ஸ்ஃபாக்கியாவுக்கோ போய்ப் பேருந்து பிடிக்க வேண்டும். படகு நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நுழைவுச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். கீழ் வாசலில் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். காலையில் உள்ளே போனவர் எத்தனை பேர், வெளியே வந்தவர் எத்தனை பேர் என்று கணக்குப் பார்ப்பதற்காக. பூங்காவுக்குள் யாரும் இரவு தங்கக் கூடாது.

ஊருக்குள் நிழலான இடத்தில் மேசை போட்டிருக்கிறார்கள். எல்லாரும் அங்கேதான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். நம் மாணவர் அனுப்பிய கடைசிப் படத்தில் இடிந்த ஒரு வீட்டின் வாசற்படியில் க்ரி-க்ரி ஒன்று நிற்கிறது. அவர் கையில் இருந்த ரொட்டியையே பார்க்கிறது. கொடுக்கக் கூடாது என்பது விதி. கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.